காருக்கு அடியில் ஒரு சதுரத் தடம்

எங்கள் மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை வரும். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கேயிருந்து ஒன்று. இதைக் கேட்கிற வெளியூர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்பார்கள். அவர்களுடைய கார் ராஜாக்கமங்கலம் போகும் சாலையில், கடலிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, தகரக் கூரைக்கு அடியில் நிற்பதில்லை. காற்றில் உப்பு, மேலே மழை, கீழே தேங்கிய தண்ணீர். இரும்பில் செய்த எதுவும் இங்கே நாலு மழைக்காலம் தாங்கினாலே பெரிய காரியம்.

நான் கார் வாங்கியது ஆடம்பரத்துக்கு இல்லை. என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிட்டன. வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறரைக்கு நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் கட்டிலில் அவள் படுத்திருக்க வேண்டும். ஒரு தடவை தவறினால் உடம்பில் நீர் ஏறும். முகம் வீங்கும், பிறகு மூச்சு முட்டும். முதலில் ஆட்டோவில்தான் கூட்டிப்போனேன். ஒரு நாள் திரும்பி வரும்போது ரத்த அழுத்தம் இறங்கி, கம்பியைப் பிடிக்கக்கூடத் தெம்பில்லாமல் என் மேல் சரிந்துவிட்டாள். அடுத்த வாரமே ஒரு பழைய காரை வாங்கினேன். முன் சீட்டைச் சாய்த்துவிட்டால் அவள் படுத்தபடியே வீடு வந்து சேரலாம்.

அதனால் மழைக்காலம் வந்தால் எனக்கு ஒரே நினைப்புதான். ஏதோ ஒரு திங்கட்கிழமை காலையில் இந்த வண்டி கிளம்பாமல் போனால் அவள் கதி என்ன?

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். வளைகுடாவில் இருபத்திரண்டு வருஷம் ஒரு கம்பெனி குடோனில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். அங்கே ஒரு நட்டு குறைந்தாலும் அது தானாகக் குறைவதில்லை. அதற்குப் பின்னால் ஒரு கை இருக்கும். அந்தக் கையைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வேலையை விட்டு வந்த பிறகும் அந்தக் குணம் என்னை விட்டுப் போகவில்லை. பால்காரர் கேனைக் குலுக்கினால் ஏன் குலுக்குகிறார் என்று பார்ப்பேன். தபால்காரர் இரண்டு தடவை மணியடித்தால் அதற்கும் ஒரு காரணம் தேடுவேன். "உங்களுக்குத் தூக்கம் எப்படித்தான் வருதோ" என்பாள் மனைவி.

மழைக்கு முன்னால் நான் செய்கிற காரியங்களுக்குக் குறைவில்லை. வைப்பர் ரப்பரை மாற்றுவேன். டயரின் பள்ளங்களில் நாணயத்தைச் செருகி ஆழம் பார்ப்பேன். பேட்டரி முனைகளில் வாசலின் தடவுவேன். கதவுகளின் அடியில் தண்ணீர் வடிகிற துளைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் அடைந்த சேற்றைக் குடைக் கம்பியால் குத்தி எடுப்பேன். போன வருஷம் முற்றத்தில் முழங்காலுக்குத் தண்ணீர் நின்று, காருக்குள் கால் மிதிக்கிற இடம்வரை ஏறிவிட்டது. அந்த நாற்றம் போக இரண்டு மாதம் ஆனது. இந்த வருஷம் முந்திக்கொண்டேன். ஆறு லோடு மண் அடித்து முற்றத்தை ஒன்றரை அடி உயர்த்தி, மேலே கல் பதித்துவிட்டேன். என் முற்றத்தில் இனி ஒரு சொட்டு நிற்காது.

நிற்கவில்லைதான். அந்தத் தண்ணீரெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று.

பக்கத்து வீட்டுக்காரர் சின்ன லோடு வண்டி வைத்து மீன் ஏற்றுபவர். விடியுமுன் எழுந்து குளச்சலுக்கோ முட்டத்துக்கோ போய், மீன் பெட்டிகளோடு வடசேரிச் சந்தைக்கு ஓடுவார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனி மாதம் முதல் மழை பெய்த அன்று மதில் பக்கம் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, வெள்ளம் பூரா எங்க முற்றத்துல வந்து நிக்கு. மதிலுக்கு அடியில ஒரு குழாய் மட்டும் போட்டு ஓடைக்கு விட்டா போதும். நானே ஆளு கொண்டு வாறேன்."

"பாப்போம்" என்றேன்.

பார்க்கவில்லை. மதிலை உடைத்தால் அஸ்திவாரம் இளகும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அவர் அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை. அவர் கேட்காமல் இருந்ததுதான் என்னை உறுத்தியது. அவருடைய மனைவி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முற்றத்துத் தண்ணீரைச் சருவப் பானையில் கோரிக் கொட்டுவதை மாடி ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். இப்படி ஒருத்தன் எனக்குச் செய்திருந்தால் நான் சும்மா இருப்பேனா என்று யோசிப்பேன். இருக்க மாட்டேன். அப்படியென்றால் அவனும் இருக்க மாட்டான். என் கணக்கு அவ்வளவுதான்.

இனி மீன் எண்ணெய்க்கு வருகிறேன். உப்புக் காற்றில் காரின் அடித்தட்டு பொரிந்து உதிர ஆரம்பித்திருந்தது. அதற்கு என்று கறுப்புப் பூச்சு ஒன்று அடிக்கிறார்கள். அதில் பாதி தாரும் பாதி மண்ணெண்ணெயும்தான் என்று எனக்குச் சந்தேகம். எங்கள் கரையில் மர வள்ளங்களுக்குச் சாளை மீனை உருக்கி எடுத்த எண்ணெயைப் பூசுவார்கள். வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீரில் கிடந்தும் அந்தப் பலகைக்கு ஒன்றும் ஆவதில்லை. பலகைக்கே அப்படி என்றால் இரும்புக்கு எப்படி இருக்கும் என்று தோன்றியது. குளச்சலுக்குப் போய் ஒரு கேன் வாங்கி வந்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தால் அவரே கொண்டுவந்து தந்திருப்பார். அவர் தந்தால் அதில் என்ன கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

புரட்டாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்து, துணியைச் சுற்றிய கம்பால் நானே பூசினேன். அடித்தட்டு, சக்கர வளைவு, பிறகு பானெட்டைத் திறந்து உள்ளேயும். கம்பி, குழாய், ரப்பர் என்று கை போன இடமெல்லாம் எண்ணெய்தான். மிச்சம் வைப்பானேன்?

மறுநாள் சாயந்திரம் மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரரின் தலை தெரிந்தது.

"அண்ணாச்சி, வண்டிக்கு மீனெண்ணெய் பூசினியளா? நல்லா வாடை அடிக்கு. அது வேண்டாம், கேட்டியளா. எலி சும்மா விடாது."

"வள்ளத்துக்குப் பூசலியா?"

"வள்ளம் கடல்லயாக்கும் கெடக்கு" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. என் ஷெட் மதிலிலிருந்து பதினைந்து அடி தள்ளி இருக்கிறது. நாள் பூரா மீனோடு கிடக்கிறவனுக்கு அவ்வளவு தூரத்திலிருந்து மீன் வாடை தெரியுமா? கிட்டே வந்து பார்த்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

ஐப்பசி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு புதன்கிழமை, பாதி வழியில் என்ஜின் குலுங்கி, எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி நகர மறுத்தது. தள்ளி ஓரம்கட்டி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது ஏழேகால். நாலு மணி நேரம் ஓட வேண்டிய மெஷினை மூன்றேகால் மணி நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆள் காத்திருந்தார். அன்று ராத்திரி மனைவி மூன்று தலையணையை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள்.

கோட்டாற்று மெக்கானிக் பானெட்டுக்குள் தலையை விட்டு, இரண்டு கம்பித் துண்டுகளை வெளியே எடுத்தார்.

"எலியாக்கும் சார்."

நான் வாங்கிப் பார்த்தேன். பிளேடு வைத்ததுபோல நேராக வெட்டு. "எலி கடிச்சா பிய்ஞ்சில்லா இருக்கும்? இது கட்டிங் பிளேயர் வச்ச மாதிரி இருக்கு."

"எலிக்க பல்லு அப்படித்தான் சார்."

"நீரு பாத்தீரா?"

மெக்கானிக் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கம்பியை ஒட்டப் போய்விட்டார். அந்த இரண்டு துண்டையும் நான் ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். குடோன் பழக்கம்.

அடுத்த வாரமே, கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கிற குழாய் துண்டாகக் கிடந்தது. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. மஸ்கட்டில் இருக்கிற மகளிடம் போனில் சொன்னேன். கேமரா வையுங்கள் என்றாள். வைக்க வருகிறவன் வீட்டுக்குள் எதையெல்லாம் பார்த்துவிட்டுப் போவான் என்று கேட்டேன். "அப்பா, நீங்க ஒருத்தரையுமே நம்ப மாட்டீங்களா?" என்று அவள் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். இரண்டு பேரும் அறைக்குள் வெகு நேரம் பேசினார்கள். கதவு சாத்தியிருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அதையும் நான் சந்தேகப்பட்டேன்.

மனைவியிடம் வெளிப்படையாகவே சொன்னேன். "ஏட்டி, இது எலி இல்ல. இவன் செய்யுத வேலை. முற்றத்துல வெள்ளம் நிக்குத கறுவு."

"அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

அவள் அப்படி அடித்துச் சொன்னது எனக்கு ஒருமாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி அவளிடம் வந்து பேசிக்கொண்டிருப்பது உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் இவளை அக்கா என்பார். இவள் அவரைத் தம்பி என்பாள். மனசு இளகினவள், பேச்சில் மயங்கியிருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

ஆளைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஷெட்டுக்குள் மழை விழாது. சாயந்திரம் கடைக்குச் சாயா குடிக்கப் போகும் முன், காரைச் சுற்றியும் அடியிலும் அரிசி மாவைச் சல்லடையில் சலித்துத் தூவினேன். பானெட்டின் குறுக்கே கறுப்பு நூல் ஒன்றைக் கட்டினேன். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது நூல் அப்படியே இருந்தது. மாவில் செருப்புத் தடம். குதிகாலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. ஷெட் வாசலிலிருந்து பின் சக்கரம் வரைக்கும் வந்து, திரும்பிப் போயிருந்தது. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சதுரத் தடம், ஒரு சாணுக்கு ஒரு சாண்.

டூல்ஸ் பெட்டி. வேறு என்ன? பெட்டியை வைத்து, திறந்து, வேலை பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். மாவில் சின்னச் சின்னதாய் வேறு தடங்களும் இருந்தன. நான் தேடியது அதை இல்லை. மனிதத் தடம் கிடைத்த பிறகு மற்றதை எதற்குப் பார்க்க வேண்டும்?

மூன்று நாள் தூவினேன், மூன்று நாளும் அதே செருப்பு, அதே சதுரம். ஆனால் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கும் என்னிடம் பதில் இருந்தது: பெரிதாக எதற்கோ சமயம் பார்க்கிறான். சனிக்கிழமை சாயந்திரம் அவர் தன் முற்றத்தில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, மதிலோரம் நின்று மனைவியிடம் பேசுவதுபோல் உரக்கச் சொன்னேன்.

"சில பேருக்குக் கை சும்மா இருக்காது. அடுத்தவன் வீட்டுக்குள்ள பூந்து வேலை காட்டுவான். பிடிபடும்போது தெரியும்."

மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயின் சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் தண்ணீர் ஓடியது. நான் வெற்றி பெற்றவன்போல உள்ளே போய்க் காபி கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வடசேரியில் பெரிய பூட்டாக ஒன்று வாங்கி வந்து, இருட்டுவதற்கு முன்னால் கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். அதுவரை எங்கள் கேட்டுக்கு வெறும் கொண்டிதான். மனைவி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்துக்குப் பூட்டுதிய?"

"ஆளு வராம இருக்கத்தான்."

"நாளைக்குத் திங்களாக்கும்" என்றாள்.

"தெரியும்லா. அதுக்குத்தான் பூட்டுகேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவேதான் இடைவெளி அதிகம். திங்கட்கிழமை காலையில் அவள் கால் வீங்கி, செருப்பு நுழையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க அவள் குடித்தது அரை டம்ளர் தண்ணீர்தான். சாவியை யார் கைக்கும் கிடைக்காத இடத்தில் வைத்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு நான் அயர்ந்து தூங்கினேன்.

ராத்திரி முழுக்க அடைமழை. காலை ஐந்தேகாலுக்கு அவளை மெல்ல நடத்தி வந்து முன் சீட்டில் உட்காரவைத்தேன். போர்வையும் மருந்தும் இருந்த கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். சாவியைத் திருப்பினேன். டிக் என்று ஒரு சத்தம். மறுபடியும் திருப்பினேன். டிக். முன்பலகையில் ஒரு விளக்கும் எரியவில்லை.

பானெட்டைத் திறந்தேன். டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கண்கள் மின்னி, பேட்டரிக்குப் பின்னால் ஓடி மறைந்தன. விரல் தடிமனில் ஒரு கம்பிக் கட்டு, பாதிக்கு மேல் அறுந்து, செம்பு தெரியத் தொங்கியது.

எலியை நான் கண்ணால் பார்த்தேன். அப்போதும் என் மனசு என்ன சொன்னது தெரியுமா? இந்த எலியை யார் கொண்டுவந்து விட்டது என்று கேட்டது. என் குணம் அப்படி.

தெரிந்த ஆட்டோக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். இரண்டு பேர் எடுக்கவில்லை. மூன்றாவது ஆள், "குளத்தங்கரையில இடுப்பளவு வெள்ளம் போகு, ஆட்டோ மூழ்கிரும் சார்" என்று வைத்துவிட்டார். மனைவி சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தாள். அவள் உதடு வெளுத்துக் கிடந்தது.

கேட்டுக்கு வெளியே ஹார்ன் கேட்டது. கடலுக்குப் போகக் கூடாது என்று எச்சரிக்கை இருந்ததால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்று லோடு இல்லை. என் ஷெட்டில் டார்ச் வெளிச்சம் அலைவதைப் பார்த்து, தன் லோடு வண்டியைக் கேட்டுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். தலையில் ஒரு பிளாஸ்டிக் கவர். மழையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்காவைக் கூட்டிட்டு வாங்க. நம்ம வண்டி உயரமாக்கும், வெள்ளத்துல போயிரும்."

நான் சாவியை எடுக்க உள்ளே ஓடினேன். அரிசி டப்பாவில் கை விட்டேன். இல்லை. முதலில் அங்கே வைத்து, பிறகு அது சரியில்லை என்று எடுத்து மாற்றி வைத்தது நினைவு வந்தது. எங்கே மாற்றினேன்? பீரோ, மருந்து டப்பா, தலையணை உறை. வெளியே மழைச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் கேட்டது: "தாக்கோலு எங்க வச்சிய?" பெரிதாகக் கத்த முடியவில்லை அவளால். பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது. சாமி படத்துக்குப் பின்னால் சாவியைக் கண்டுபிடித்தபோது பத்து நிமிஷம் போயிருந்தது. அந்தப் பத்து நிமிஷமும் அந்த மனிதர் பூட்டிய கேட்டுக்கு வெளியே மழையில் நின்றார். ஏறிக் குதித்திருக்கலாம். குதிக்கவில்லை.

முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு ஆளுக்குத்தான் இடம். அதில் அவளை உட்காரவைத்தோம். நான் பின்னால் ஏறி, தார்ப்பாய்க்கு அடியில், காலி மீன் பெட்டிகளுக்கு நடுவே குந்தினேன். வண்டி குளத்தங்கரைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. உள்ளே மீன் வாடை மூக்கில் அடித்தது. என் காருக்கு அடியில் அடிக்கிற அதே வாடை. பெட்டிகளைக் கட்டுகிற கயிற்றின் நுனியைப் பார்த்தேன். பிளேடு வைத்ததுபோல நேராக வெட்டு. பக்கத்துக் கயிற்றிலும் அப்படித்தான், அடியில் எலிப் புழுக்கை. என் சட்டைப் பைக் காகிதத்தில் இருந்த கம்பித் துண்டுகளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தபோது, மூலையிலிருந்து எதுவோ உருண்டு என் காலில் இடித்தது. எலிக்கூடு. கம்பி வலை வைத்த சதுரக் கூடு, உள்ளே கொக்கியில் ஒரு துண்டு கருவாடு. கையில் எடுத்துத் திருப்பினேன். அடிப்பலகை ஒரு சாணுக்கு ஒரு சாண். அதன் விளிம்பெல்லாம் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன். அரிசி மாவு.

ஆஸ்பத்திரி வரும்வரைக்கும் அந்தக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அங்கே போனதும் அவளுக்கு முதலில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து முடிக்காமல் விட்டார். மெஷின் ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவளுக்குப் பேச மூச்சு வந்தது.

"நாந்தான் தம்பியிட்ட சொன்னேன்" என்றாள். "ரெண்டாவது தடவை குழாயைக் கடிச்சிப் போட்டுல்லா, அன்னைக்கு. நீங்க சாயங்காலம் சாயா குடிக்கப் போவும்போ வந்து கூடு வைப்பாரு. விடியக்காலம் லோடுக்குப் போகுதப்போ எடுத்துட்டுப் போவாரு. பன்னிரண்டு எலி பிடிச்சாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"சொன்னா நீங்க விடுவியளா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நேத்து சாயங்காலம் கூட்டோட வந்து கேட்டுப் பக்கம் நின்னாரு. பூட்டைப் பாத்தாரு. என்னைய பாத்தாரு. நான் என்ன சொல்ல?"

இத்தனை வருஷம் குடோனில் எத்தனை பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அதில் எத்தனை பேரின் செருப்புத் தடத்தை மட்டும் பார்த்தேனோ என்று அன்று முதல் முறையாகப் பயந்தேன்.

கீழே இறங்கி வந்தேன். அவர் வண்டியில் சாய்ந்து ஒரு டம்ளர் சாயா குடித்துக்கொண்டிருந்தார். கூட்டை நீட்டினேன். வாங்கி உள்ளே வைத்தார்.

"அக்காளுக்கு எப்படி இருக்கு?"

"பேசுதா."

"அது போதும்."

"தப்பு எம்மேலதான்" என்றேன். "தெரியாம..."

"தெரியாம இல்ல அண்ணாச்சி. உங்களுக்கு அப்படித் தோணிச்சி. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்." கோபமே இல்லாத குரல். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "அக்காளுக்கு வண்டி வேணும்னா எந்நேரமும் கூப்பிடுங்க. ரோட்டுல கொண்டு நிறுத்துவேன். கேட்டுக்கு உள்ள மட்டும் இனி வர மாட்டேன், கேட்டியளா. சனிக்கிழமை நீங்க பேசினதை எம்பொண்டாட்டியும் கேட்டுட்டு நின்னா."

டம்ளரைக் கடையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

காரை இழுத்துக்கொண்டு போன மெக்கானிக், அடித்தட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "சாரே, இது காரா வள்ளமா?" என்று கேட்டார். சோப்புத் தண்ணீரும் மண்ணெண்ணெயும் போட்டு இரண்டு நாள் கழுவினார்கள். எந்தப் பூச்சில் பாதி தார் என்று சொன்னேனோ, அதையே அடித்துக்கொண்டு வந்தேன். ஆள் வைத்து மதிலுக்கு அடியில் துளை போட்டு, குழாய் பதித்து, தண்ணீரை ஓடைக்கு விட்டேன். அடுத்த மழையில் அவர் முற்றம் காய்ந்து கிடந்தது. அவருடைய மனைவி ஜன்னலைத் திறந்து பார்த்தாள். என்னைக் கண்டதும் சாத்திக்கொண்டாள். என் மனைவியிடம் பேச அவள் வருவதும் நின்றுபோயிற்று. கேட்டில் இப்போது பூட்டு இல்லை. பகலில் பாதி திறந்தே கிடக்கிறது. அவர் போகும்போதும் வரும்போதும் சாலையிலிருந்து தலையை ஆட்டி அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார். நிற்க மாட்டார்.

ஒரு எலிக்கூடு நானும் வாங்கியிருக்கிறேன். எண்ணெய் போனாலும் எலிக்குப் பழைய இடம் மறப்பதில்லை. ஞாயிறு, செவ்வாய், வியாழன் சாயந்திரம் கருவாட்டைக் கொக்கியில் மாட்டி, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், அவர் வைத்த அதே இடத்தில் வைக்கிறேன். வைக்கும்போது கூட்டின் தகரக் கதவு டப்பென்று அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அறைக்குள்ளிருந்து அவள் குரல் வரும்.

"ஆரு, தம்பியா?"

ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள்.

"இல்லட்டி, நானாக்கும்" என்கிறேன்.